கிளமத் ஆற்றுப்படுகை: நான்கு அணைகள் போயின, தண்ணீர்த் தகராறு போகவில்லை

எதற்காக இந்த ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் புறப்பட்டு, கலிபோர்னியா வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பசிபிக் கடலில் சேரும் ஆறு கிளமத். இதன் குறுக்கே இருந்த நான்கு நீர்மின் அணைகள் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அடியோடு அகற்றப்பட்டன. அந்நாட்டில் அதுவரை நடந்த அணை அகற்றங்களிலேயே இதுதான் பெரியது. செய்தி உலகம் முழுக்கப் போனபோது கூடவே ஒரு தவறான எண்ணமும் போனது. விவசாயிகளின் பாசன அணைகளை உடைத்து மீனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி நடக்கவில்லை. இடிக்கப்பட்ட நான்கு அணைகளிலிருந்தும் கிளமத் பாசனத் திட்டத்தின் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் போனதே இல்லை. அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. பாசனத் தகராறு அவற்றுக்கு மேலே இருக்கும் ஒரு ஏரியைச் சுற்றி நடக்கிறது. அது இன்னும் தீரவில்லை.

இந்த இரண்டு சிக்கல்களும் எப்படி ஒரே முடிச்சானது, பிறகு ஏன் ஒன்று மட்டும் அவிழ்ந்தது என்பதைக் கால வரிசைப்படி இங்கே பார்க்கலாம். தனிநபர்கள் யாரையும் பெயர் சொல்லவில்லை.

பின்னணி: ஏரி, வாய்க்கால், ஆறு

பொதுவாக ஆறு மலையில் பிறந்து, காட்டில் இறங்கி, சமவெளியில் வயல்களுக்குப் பாயும். கிளமத் நேர்மாறு. தலைப்பகுதி வறண்ட சமவெளி. அங்கே அகலமான ஏரிகளும் சதுப்பு நிலங்களும் இருந்தன. கடல் பக்கம் போகப் போகத்தான் மலையும் காடும் பள்ளத்தாக்கும். அதனால் இங்கே தலைமடையில் இருப்பவர்கள் விவசாயிகள், கடைமடையில் இருப்பவர்கள் மீனை நம்பி வாழும் பழங்குடிகள். இதை மனதில் வைக்காவிட்டால் பிறகு வருவது எதுவும் புரியாது.

1905-ல் மத்திய அரசின் பாசன அமைப்பான ரிக்ளமேஷன் பீரோ கிளமத் பாசனத் திட்டத்தைத் தொடங்கியது. 1907-ல் ஏ கால்வாய் என்ற பிரதான வாய்க்காலில் முதல் தண்ணீர் விட்டார்கள். லோயர் கிளமத், டூலி ஆகிய இரண்டு ஏரிகளில் பெரும் பகுதி வடிக்கப்பட்டு விளைநிலமானது. அந்த நிலத்தை இரண்டு உலகப் போர்களிலிருந்தும் திரும்பிய வீரர்களுக்கு அரசு பகிர்ந்து கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விண்ணப்பங்கள் குவிந்ததால் குலுக்கல் வைத்தார்கள், சீட்டு எடுத்தது ஒரு ஊறுகாய் ஜாடியிலிருந்து. உருளைக்கிழங்கு, வெங்காயம், பார்லி, குதிரைமசால், புதினா என்று 2 லட்சம் ஏக்கருக்கு மேல் விளையும் நிலமாக அது வளர்ந்தது. "நிலமும் தண்ணீரும் அரசாங்கமே கொடுத்தது" என்று இங்குள்ள மூன்றாம் தலைமுறை விவசாயி சொல்வது வெறும் பேச்சு இல்லை. பத்திரத்தில் இருக்கிறது.

இந்தப் பாசனத்துக்கு மூலாதாரம் மேல் கிளமத் ஏரி. பரப்பு பெரியது, ஆழம் மிகக் குறைவு. சராசரி ஆழம் 3 மீட்டரை எட்டாது. ஆகவே ஒரு நல்ல மழை ஆண்டின் நீரை அடுத்த பஞ்ச ஆண்டுக்குச் சேர்த்து வைக்க வழியில்லை. மலையில் பனி குறைவாகப் பெய்தால் அந்த வருடமே அடி விழும். 1921-ல் கட்டிய லிங்க் ரிவர் அணைதான் ஏரியின் மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது இடிக்கப்படவில்லை, இடிக்கும் பேச்சும் எழவில்லை.

கீழே ஆற்றில் ஒரு தனியார் மின் நிறுவனம் வேறு நான்கு அணைகளைக் கட்டியது: காப்கோ 1 (1918), காப்கோ 2 (1925), ஜே.சி. பாயில் (1958), அயன் கேட் (1962). காப்கோ அணைகளிலும் அயன் கேட்டிலும் மீன் ஏற வழி வைக்கவில்லை. அமெரிக்க மேற்குக் கரையில் சால்மன் மீன் அதிகம் வந்த ஆறுகளில் கிளமத் மூன்றாவது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வரும் அந்த மீனுக்கு மேல் படுகை நூறாண்டுக்கு மேல் மூடியே கிடந்தது.

யாருக்கு முதல் உரிமை

மேற்கு அமெரிக்காவில் நீர் உரிமையின் அடிப்படை எளியது. யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினார்களோ அவர்களுக்கு முதல் பங்கு. பற்றாக்குறை வந்தால் எல்லோருக்கும் சமமாகக் குறைப்பதில்லை. பிந்தியவருக்கு முழுதாக அடைத்துவிட்டு முந்தியவருக்கு முழுதாகக் கொடுப்பார்கள். பாசனத் திட்டத்தின் தேதி 1905. அக்கம்பக்கத்தில் பலரைவிட இது பழையது என்பதால் விவசாயிகள் தைரியமாகவே இருந்தார்கள்.

ஆனால் 1864-லேயே கிளமத், மோடாக், யாகூஸ்கின் மக்கள் மத்திய அரசோடு ஒரு உடன்படிக்கை செய்திருந்தார்கள். 2 கோடி ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுத்து, ஒதுக்கிய பகுதியில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமையைத் தக்கவைத்தார்கள். 1954-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இவர்களின் பழங்குடி அங்கீகாரத்தையே சட்டம் போட்டு நீக்கியது. நிலம் கைவிட்டுப் போனது. 1986-ல் அங்கீகாரம் திரும்பியது, நிலம் திரும்பவில்லை. இதற்கு நடுவே 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. மீன்பிடி உரிமை இருக்கிறதென்றால் மீன் வாழத் தேவையான தண்ணீருக்கும் உரிமை உண்டு, அதன் தேதி "நினைவுக்கெட்டாத காலம்" என்றது. 1905-ஐ விட அது முந்தியது என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

எவ்வளவு தண்ணீர் என்பதுதான் பாக்கி. அதைக் கணக்கிடும் வேலையை ஓரிகன் மாநிலம் 1975-ல் தொடங்கியது, முடித்தது 2013-ல். நடுவில் போன 38 ஆண்டுகளும் எல்லோரும் தங்களுக்குச் சாதகமான கணக்கை நம்பிக்கொண்டு பயிரிட்டார்கள், வழக்காடினார்கள், கடன் வாங்கினார்கள். என் பார்வையில் இந்தப் படுகையின் பாதிச் சண்டைக்குக் காரணம் இந்தத் தாமதம்தான்.

இதன் மேல் மூன்றாவதாக ஒரு சட்டம் வந்து உட்கார்ந்தது. அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தின் கீழ், ஏரியில் வாழும் இரண்டு வகை சக்கர் மீன்கள் 1988-ல் பட்டியலில் சேர்ந்தன. பழங்குடியினர் இவற்றைச் சுவாம், கோப்டு என்று அழைப்பார்கள். முன்பு இவர்களின் முக்கிய உணவே இதுதான். 1986-லேயே இந்த மீனைப் பிடிப்பதைத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். கீழே ஆற்றில் கோஹோ சால்மன் 1997-ல் பட்டியலில் சேர்ந்தது. சக்கருக்கு ஏரியில் மட்டம் உயர்ந்து இருக்க வேண்டும். கோஹோவுக்கு ஏரியிலிருந்து தண்ணீர் கீழே ஓட வேண்டும். இரண்டும் கேட்பது ஒரே தண்ணீரை. வாய்க்கால் கேட்பதும் அதையே.

2001: அடைத்த மதகு

2001-ல் கடும் வறட்சி. ஏப்ரல் 6 அன்று, திட்டத்தின் பெரும்பகுதிக்கு இந்த ஆண்டு ஏரித் தண்ணீர் கிடையாது என்று ரிக்ளமேஷன் பீரோ அறிவித்தது. கிழக்கே வேறு நீர்த்தேக்கங்களை நம்பிய பகுதி மட்டும் தப்பியது. சுமார் 1,400 பண்ணைகள் பாதிக்கப்பட்டன. திட்டத்தின் வரலாற்றில் மீனுக்காக வாய்க்காலை அடைத்தது அதுவே முதல் முறை.

அதிகாரிகள் தரப்பில் சட்டப்படி வேறு வழி இருக்கவில்லை. மீன் பாதுகாப்பைக் கவனிக்கும் இரண்டு மத்திய அமைப்புகளும் தனித்தனியே நிபந்தனை போட்டிருந்தன, ஒன்று ஏரி மட்டத்துக்கு, இன்னொன்று ஆற்று ஓட்டத்துக்கு. இரண்டையும் நிறைவேற்றிய பிறகு மிச்சம் இல்லை. ஆனால் அறிவிப்பு வந்த நேரம் மோசம். விதையும் உரமும் வாங்கி, குத்தகைப் பணம் கட்டி, நிலத்தைத் தயார் செய்திருந்த பிறகு சொன்னார்கள்.

மே 7 அன்று கிளமத் ஃபால்ஸ் நகரில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 50 மாநிலங்களுக்கு ஒன்றாக 50 வாளிகளில் தண்ணீர் மொண்டு, கைமாற்றிக் கைமாற்றி, அடைத்துக் கிடந்த வாய்க்காலில் ஊற்றினார்கள். கோடை ஏற ஏறப் போராட்டம் சூடானது. ஜூலையில் சிலர் தலைமதகைப் பலமுறை வலுக்கட்டாயமாகத் திறந்தார்கள், மத்தியக் காவலர்கள் வந்து மதகில் காவல் நின்றார்கள். அம்மாத இறுதியில் கொஞ்சம் தண்ணீர் விடப்பட்டது. பெரும்பாலான பயிருக்கு அது காலம் கடந்த தண்ணீர்.

நஷ்ட ஈடு கேட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கு 18 ஆண்டுகள் நடந்தது. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பழங்குடியினரின் உரிமை முந்தியது, அந்த ஆண்டு அதற்கே தண்ணீர் போதவில்லை, எனவே உங்களிடமிருந்து பறிக்கப்பட்டதாகச் சொல்ல எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 2020-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

2002: செத்து ஒதுங்கிய மீன்

மீனுக்காகப் போட்ட நிபந்தனைகளுக்கு அறிவியல் ஆதாரம் போதுமா என்று ஆராய ஒரு தேசிய அறிஞர் குழு அமைக்கப்பட்டது. 2002 தொடக்கத்தில் வந்த அதன் இடைக்கால அறிக்கை, ஏரி மட்டத்தையும் ஆற்று ஓட்டத்தையும் முந்தைய பத்தாண்டை விட உயர்த்தினால் மீனுக்கு நன்மை என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. ஏரி மட்டத்தை அந்தப் பத்தாண்டை விடக் கீழே இறக்கவும் ஆதாரம் இல்லை என்று அதே அறிக்கை சொன்னது. முதல் பாதிதான் பரவலாகப் பேசப்பட்டது.

அந்த ஆண்டும் வறட்சிதான். ஆனால் மார்ச்சில் இரண்டு மத்திய அமைச்சர்கள் நேரில் வந்து மதகைத் திறந்தார்கள். பாசனத்துக்கு முழுத் தண்ணீர் போனது. செப்டம்பரில் வழக்கத்தைவிட அதிகமாகச் சால்மன் கடலிலிருந்து ஏறி வந்தது. ஆற்றில் நீர் குறைவு, வெப்பம் அதிகம், இருந்த இடத்தில் மீன் நெருக்கியடித்து நின்றது. ஒட்டுண்ணி நோயும் பாக்டீரியா நோயும் வேகமாகப் பரவின. சில நாட்களுக்குள் கீழ்ப்படுகையில் குறைந்தது 33,000 பெரிய மீன்கள் முட்டையிடாமலே செத்து ஒதுங்கின. கரையில் யூரோக் பழங்குடியினரின் ஊர்கள். அந்த நாற்றத்தைப் பற்றி அங்குள்ளவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

காரணம் பல என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் மீன்வளத் துறை ஒன்றைக் கூடுதலாகச் சொன்னது: வெயிலையும் மீன் வரத்தையும் நம்மால் மாற்ற முடியாது, நம் கையில் இருக்கும் ஒரே கருவி ஆற்றில் விடும் நீரின் அளவு.

ஆக, ஒரு ஆண்டு வயல் காய்ந்தது, அடுத்த ஆண்டு மீன் செத்தது. வெற்றி பெற்றதாகச் சொல்லிக்கொள்ள இரு தரப்புக்கும் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தவர்களில் பலர், இந்த இரண்டு ஆண்டுகள் இல்லாவிட்டால் வந்தே இருக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

2006: உரிமம் முடிகிறது

நான்கு அணைகளுக்குமான 50 ஆண்டு மத்திய உரிமம் 2006-ல் காலாவதியானது. அணைகள் அப்போது பசிஃபிகார்ப் நிறுவனத்தின் கையில் இருந்தன. புதுப்பிக்க வேண்டுமென்றால் மீன் ஏற வழி செய்துதர வேண்டும் என்று மத்திய மீன் அமைப்புகள் நிபந்தனை போட்டன. நிறுவனம் அதன் அடிப்படையை எதிர்த்தது. 2006 செப்டம்பரில் நிர்வாக நீதிபதி ஒருவர் முக்கியமான உண்மைகளில் மீன் அமைப்புகளின் பக்கமே முடிவு சொன்னார். மீன் ஏணிகள் கட்டி, மற்ற நிபந்தனைகளையும் ஏற்று அணைகளை ஓட்டினால் ஆண்டுதோறும் நஷ்டம் என்பது, உரிமம் வழங்கும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்விலேயே வெளிவந்தது. நான்கும் சேர்ந்து சுமார் 163 மெகாவாட்தான். அணைகளை அகற்றும் வழியை நிறுவனத்தின் பார்வையிலும் மலிவாக ஆக்கியது இந்தக் கணக்குதான். போராட்டங்கள் அழுத்தம் கொடுத்தன, உண்மை. முடிவைத் திருப்பியது கணக்கு.

விவசாயிகளுக்கும் இதே ஆண்டு ஒரு அடி விழுந்தது. அணை ஒப்பந்தத்தோடு சேர்ந்து அவர்களுக்குக் கிடைத்துவந்த சலுகை மின்கட்டணம், யூனிட்டுக்கு அரை சென்ட்டை விடச் சற்றே அதிகம், அதுவும் காலாவதியானது. அடுத்த சில ஆண்டுகளில் கட்டணம் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றுபவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இடிக்கப்போகும் அணைகளில் பாசனத் தண்ணீர் இல்லாதபோது விவசாயிகள் ஏன் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. மீதி விடை 2001.

2010: ஒரே முடிச்சில் இரண்டு ஒப்பந்தம்

பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2010 பிப்ரவரி 18 அன்று ஓரிகனின் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தில் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்று அணை அகற்றம் பற்றியது. இன்னொன்று படுகை மீட்பும் நீர்ப் பங்கீடும். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே எழுதப்பட்டன.

பங்கீட்டின் உள்ளடக்கம் கவனிக்கத்தக்கது. பாசனத் திட்டத்துக்கு வறண்ட ஆண்டில் 3,30,000 ஏக்கர்-அடி, ஈரமான ஆண்டில் 3,85,000 ஏக்கர்-அடி என்று முன்கூட்டியே வரையறுத்த அளவு (ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி உயரம் நிற்கும் நீர்தான் ஒரு ஏக்கர்-அடி). அது பழைய பயன்பாட்டை விடக் குறைவு, ஆனால் நிச்சயமானது. பதிலுக்கு மேல்படுகைப் பழங்குடியினர் தங்கள் மூத்த உரிமையைத் திட்டத்தின் மேல் பிரயோகிக்காமல் இருப்பார்கள். அவர்கள் இழந்த காட்டு நிலத்தில் சுமார் 90,000 ஏக்கரைத் திரும்ப வாங்க நிதி. விவசாயிகளுக்கு மலிவு மின்சாரத்துக்கு ஏற்பாடு. சதுப்பு நிலங்களையும் ஆற்றங்கரைகளையும் சீரமைக்கப் பணம். "முழுத் தண்ணீர் வேண்டும்" என்பதிலிருந்து "எவ்வளவு வரும் என்று விதைக்கும் முன்பே தெரிய வேண்டும்" என்ற இடத்துக்கு விவசாயிகள் வந்திருந்தார்கள். பழங்குடித் தலைவர்களும் தங்கள் மக்களிடம் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

எல்லோரும் சேரவில்லை. ஹூப்பா பழங்குடியினர் கையெழுத்திட மறுத்தார்கள். நீர் உரிமையை இப்படிப் பேரத்தில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை. சில சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தன. மூன்று அணைகள் இருந்த கலிபோர்னியாவின் சிஸ்கியூ வட்டாரத்தில் அதே ஆண்டு நவம்பரில் நடந்த கருத்து வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பங்கினர் அகற்றக் கூடாது என்றார்கள். நீர்த்தேக்கக் கரையில் வீடு கட்டியவர்களுக்கு ஏரிக்காட்சியும் நிலமதிப்பும் போகும். அவர்கள் மேசையில் இல்லை. அந்தக் குறை பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப வந்து தொல்லை கொடுத்தது.

2013–2016: ஒரு பாதி செத்தது

2013 மார்ச்சில் ஓரிகன் தன் 38 ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. ஏரிக்குப் பாயும் ஆறுகளில் பழங்குடியினரின் உரிமையே மூத்தது என்று எண்களோடு உறுதியானது. அந்தக் கோடையிலேயே அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். திட்டத்துக்கு வெளியே, ஏரிக்கு மேலே மாடு வளர்ப்பவர்களின் வாய்க்கால்கள் அடைக்கப்பட்டன. பத்து வருடம் தள்ளியே நின்ற அவர்கள் பேச வந்தார்கள், 2014-ல் அவர்களோடும் ஒரு ஒப்பந்தம் ஆனது.

ஆனால் பங்கீட்டு ஒப்பந்தத்துக்குக் காங்கிரஸ் சட்டம் இயற்றிப் பணமும் ஒதுக்க வேண்டும். மசோதாக்கள் வந்தன, நகரவில்லை. அணையை இடிப்பது தவறான முன்னுதாரணம் என்று பிரதிநிதிகள் சபையில் சிலர் உறுதியாக இருந்தார்கள். 2015 டிசம்பர் 31 அன்று பங்கீட்டு ஒப்பந்தம் காலாவதியானது.

அணை ஒப்பந்தத்தை மட்டும் காப்பாற்ற வழி கண்டுபிடித்தார்கள். 2016 ஏப்ரலில் அதைத் திருத்தி, காங்கிரஸ் தேவைப்படாத பாதைக்கு மாற்றினார்கள். உரிமத்தை ஒப்படைக்கும் வழக்கமான நடைமுறை மூலமே ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி கேட்பது, இடிக்கும் வேலைக்கென்றே ஒரு இலாப நோக்கமற்ற நிறுவனம். நிதி 45 கோடி டாலர் ஏற்கெனவே தயார்: 20 கோடி மின் நுகர்வோரின் கட்டணத்தில் சேர்த்த சிறு தொகை, 25 கோடி கலிபோர்னியா நீர்த் திட்டங்களுக்காகக் கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய நிதி. அணை உடைந்து கெடுதல் வந்தால் யார் பொறுப்பு என்பதில் ஆணையம் 2020-ல் தயங்கியது. இரண்டு மாநிலங்களும் மின் நிறுவனமும் கூடுதல் உத்தரவாதம் கொடுத்துத் தீர்த்தார்கள். 2022 நவம்பர் 17 அன்று அனுமதி வந்தது.

புத்திசாலித்தனமான நகர்வுதான். ஆனால் இதன் விலையையும் சொல்ல வேண்டும். ஒன்றாகக் கட்டிய முடிச்சில் மீன் தரப்புக்கு வேண்டியது கிடைத்தது, விவசாயத் தரப்புக்கு வாக்களித்தது கிடைக்கவில்லை. அணைகளோடு தங்களுக்கு நேரடிச் சண்டை இல்லாத விவசாயிகள்கூட ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தது இதனால்தான்.

2021: மறுபடியும் பூஜ்யம்

2021 ஏப்ரலில் திட்டத்துக்கு 33,000 ஏக்கர்-அடி என்றார்கள், தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மே 12 அன்று அதுவும் இல்லை என்றானது. ஏ கால்வாய் அந்தப் பருவம் முழுவதும் மூடியே கிடந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. சிலர் மதகருகே கூடாரம் போட்டு, திறந்துவிடுவோம் என்று எச்சரித்தார்கள். பெரும்பாலான விவசாயிகள் அவர்களோடு போகவில்லை.

விவசாயிகள் ஆழ்துளைக் கிணறுகளை நம்பினார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கி வீட்டுக் கிணறுகள் நூற்றுக்கணக்கில் வற்றின, குடிநீரை லாரியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஏரியில் சக்கர் மீனுக்கு வேண்டிய மட்டமும் கிடைக்கவில்லை. ஆற்றில் ஒட்டுண்ணியைக் கழுவிவிட வேண்டிய வெள்ளம் விடப்படாததால் சால்மன் குஞ்சுகள் ஏராளமாகச் செத்தன. 1908-ல் நாட்டிலேயே முதலாவதாக அமைந்த நீர்ப்பறவைச் சரணாலயமான லோயர் கிளமத் காய்ந்து கிடந்தது. முந்தைய ஆண்டு அங்கும் பக்கத்து டூலி ஏரியிலுமாகப் பல்லாயிரம் பறவைகள் நோயில் மாண்டிருந்தன. வரிசையில் பறவைகளுக்கு எப்போதும் கடைசி இடம்தான். இதைப் பற்றிப் போராட யாரும் திரள்வதில்லை.

2023–2024: இடிப்பு

சிறியதான காப்கோ 2 முதலில், 2023-லேயே போனது. 2024 ஜனவரியில் மற்ற மூன்று நீர்த்தேக்கங்களையும் அடுத்தடுத்து வடித்தார்கள். ஏன் குளிர்காலம்? பல பத்தாண்டு வண்டல் கலங்கி வரும். அந்த நேரத்தில் ஆற்றில் சால்மன் நடமாட்டம் குறைவு, மழை நீர் வண்டலை வேகமாகக் கடலுக்குத் தள்ளிவிடும். ஒரே குளிர்காலத்தில் வேதனையை முடித்துவிடுவது என்பது திட்டமிட்ட முடிவு.

வேதனை இருந்தது. ஆறு சேற்று நிறத்தில் ஓடியது, ஆக்ஸிஜன் சரிந்தது, நீர்த்தேக்கங்களில் விட்டு வளர்ந்த வெளியூர் மீன்கள் செத்தன. சேற்றில் சிக்கிச் சில மான்கள் இறந்தன. பிப்ரவரி இறுதியில் மீன் பண்ணையிலிருந்து அயன் கேட்டுக்கு மேலே விட்ட சுமார் 8,30,000 சினூக் சால்மன் குஞ்சுகள், அணையின் பழைய சுரங்கப் பாதை வழியாகப் போகும்போது அழுத்த மாற்றத்தால் இறந்தன. சேற்றால் இல்லை. சுரங்கம் இன்னும் அகற்றப்படாத நிலையில் அதற்கு மேலே குஞ்சு விட்டது தவிர்த்திருக்கக்கூடிய முடிவு. அடுத்த தொகுதிகளை அணைக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள்.

வெளிப்பட்ட நிலத்தில் உள்ளூர்த் தாவர விதைகளைப் பழங்குடிக் குழுவினர் தூவினார்கள். ஆகஸ்ட் 28 அன்று கடைசித் தற்காலிகக் கரையும் திறந்தது. அக்டோபர் தொடக்கத்தில் இடிப்பு வேலை முழுதாக முடிந்தது.

என்ன தொடர்ந்தது

மீன் வர எத்தனை ஆண்டு ஆகும் என்று பலவிதக் கணிப்புகள் இருந்தன. அக்டோபர் நடுவிலேயே ஜே.சி. பாயில் இருந்த இடத்துக்கு மேலே, ஓரிகனில் ஒரு கிளை ஓடையில் சினூக் சால்மன் தென்பட்டது. 1912-க்குப் பிறகு அங்கே அது முதல் முறை. அயன் கேட் இருந்த இடத்தைக் கடந்து அந்தப் பருவத்தில் ஆயிரக்கணக்கில் மீன் ஏறியதை ஒலியலைக் கருவி பதிவு செய்தது. 2025 இலையுதிர் காலத்தில், இடிக்கப்படாமல் மேலே நிற்கும் கீனோ, லிங்க் ரிவர் அணைகளின் மீன் ஏணிகளைத் தாண்டி மேல் கிளமத் ஏரிக்கே வந்துவிட்டது. நீர்த்தேக்கங்களில் கோடைதோறும் மண்டிய நச்சுப் பாசிக்கு இப்போது தேங்க இடமில்லை. ஆனாலும் மொத்தச் சால்மன் எண்ணிக்கை இன்னும் தாழ்ந்தே இருக்கிறது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் கலிபோர்னியாக் கடலில் வணிகச் சால்மன் மீன்பிடிப்பு மூடப்பட்டிருந்தது.

ஏரியின் சக்கர் மீனுக்கு இந்த இடிப்பால் எந்த நன்மையும் இல்லை. அதன் குஞ்சுகள் பெரிதாகாமலே சாவது தொடர்கிறது. வாய்க்காலுக்கும் ஒரு சொட்டுக் கூடவில்லை, குறையவும் இல்லை.

தண்ணீர்ப் பேச்சில் ஒரு சிறு அசைவு உண்டு. 2024 பிப்ரவரியில் விவசாயிகளின் நீர்ப் பயனாளர் சங்கமும் கிளமத், யூரோக், காருக் பழங்குடிகளும் மத்திய உள்துறையோடு (அங்கே நிலம், நீர் வளங்களைக் கவனிக்கும் துறை) ஒரு புரிந்துணர்வில் கையெழுத்திட்டார்கள். சீரமைப்புக்கும் பாசன நவீனமயத்துக்குமாக 7.2 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அளவுப் பங்கீடு அதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஆதரிக்கக்கூடிய வேலைகளிலிருந்து தொடங்குவோம் என்பதோடு அது நிற்கிறது.

இன்னொரு முறை செய்தால்

உரிமைக் கணக்கை முதலில் முடித்திருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று 2001-ல் எண் தெரிந்திருந்தால் அன்றைய கோபம் குறைந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் பத்தாண்டு முன்பே தொடங்கியிருக்கும். 2013-ல் மாடு வளர்ப்பவர்கள் ஒரே ஆண்டில் மேசைக்கு வந்தது அதற்குச் சான்று.

இரண்டு ஒப்பந்தங்களை ஒன்றாகக் கட்டியது சரியா தவறா என்பதில் வல்லுநர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கட்டாமல் இருந்திருந்தால் இத்தனை தரப்பும் கையெழுத்திட்டிருக்காது என்பது என் கணிப்பு. தவறு வேறு இடத்தில் நடந்தது. ஒரு பாதி முறிந்தால் மறுபாதியைப் பெறுபவர் முறிந்ததற்கு என்ன ஈடு கொடுப்பார் என்று எழுதி வைக்கவில்லை. சலுகை மின்சாரத்துக்கு மாற்று, வாய்க்கால் சீரமைப்பு நிதி போன்றவற்றை மாநில அளவிலேயே தனியாக உறுதி செய்திருக்கலாம்.

ஒதுக்கீட்டை ஏப்ரலில் அறிவிப்பது இன்றும் தொடர்கிறது. பனி அளவை வைத்துக் கணக்கிடுவதால் அதற்கு முன் உறுதியாகச் சொல்வது கடினம். ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு, அதற்கும் கீழே போனால் தரிசுக்கு இவ்வளவு இழப்பீடு என்று இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டால், விதையும் குத்தகையும் வாங்கிய பிறகு நஷ்டப்படும் நிலை வராது. நீர்த்தேக்கக் கரை மக்களையும் தொடக்கத்திலேயே உட்காரவைத்திருந்தால் வட்டாரத்தின் எதிர்ப்பு முற்றாக மறைந்திராது, சற்றுத் தணிந்திருக்கும்.

உடனடி வேலை ஒன்று காத்திருக்கிறது. மேல்படுகையில் ஆறுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் பலவற்றுக்கு மீன் புகாமல் தடுக்கும் வலை இல்லை. நூறாண்டாகச் சால்மனே இல்லாத இடத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. இப்போது மேலே முட்டையிட்ட மீனின் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வழியில் வயலுக்குள் போய்விடக்கூடும். வலை போடவும் பராமரிக்கவும் ஆகும் செலவைத் தாங்கள் ஏற்க முடியாது, அணை அகற்றத்தின் விளைவு அது என்பது விவசாயிகளின் வாதம். மத்திய, மாநில நிதியில் சில இடங்களில் பணி தொடங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் யார் கொடுப்பது என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.